சொறியின் வெளிச்சம்

அக்டோபர் 26, பாம்பன்

வாடை தொடங்கிவிட்டது. வடகடல் சரியில்லை என்று தம்பி தென்கடலில் நண்டு வலை விட்டு வந்தான். நண்டைவிடச் சொறிதான், அதாவது ஜெல்லி மீன்தான், அதிகம். வலை பிரிக்கும்போது ஒரு இழை என் மணிக்கட்டில் பட்டுச் சிவப்புக் கோடாகத் தடித்துவிட்டது. “எதுக்கும் ஆகாத சனியன்” என்று அம்மா அதை மணலில் வீசினார். எனக்கு மனது கேட்கவில்லை.

அக்டோபர் 27

டியூஷன் பிள்ளைகளிடம் கையைக் காட்டியே பாடத்தைத் தொடங்கினேன். 1961 கோடையில் ஜப்பானிய விஞ்ஞானி ஒசாமு ஷிமோமுரா, அமெரிக்காவின் ஃப்ரைடே ஹார்பரில் சுமார் 10,000 சொறிகளைப் பிடித்தார். நம் கடலில் வருவது வேறு இனம். தான் பிடித்தவை எப்படி ஒளிர்கின்றன என்று தேடியவர், ஒருநாள் அவற்றிலிருந்து எடுத்த, மங்கிப்போன சாற்றைத் தொட்டியில் கொட்டினார். அதில் கடல்நீர் விழுந்துகொண்டிருந்தது. குப்பென்று நீல வெளிச்சம்! கடல்நீரின் கால்சியம் பட்டதும் ஒளிரும் அந்தப் புரதத்தின் பெயர் ஏக்வோரின்.

செல்லுக்குள் சேதி சொல்வதும் அதே கால்சியம்தான். சும்மா இருக்கும் செல்லுக்குள் அது வெளியே இருப்பதில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஹார்மோனோ தொடுதலோ வந்து தட்டினால் அளவு சட்டென ஏறும், தசை சுருங்கும். 1977இல் மெடாகா மீனின் முட்டைக்குள் ஏக்வோரினைச் செலுத்திப் பார்த்தார்கள். விந்து நுழைந்த முனையிலிருந்து ஒளி அலையாகக் கிளம்பி முட்டை முழுக்க ஓடியது. இதைச் சொல்லும்போது இன்றும் எனக்குப் புல்லரித்தது.

“செடிக்கும் இப்படி உண்டா டீச்சர்?” என்றாள் கடைசி வரிசைப் பிள்ளை.

அக்டோபர் 29

விடாத மழை. கரண்ட் இல்லை. டியூஷனும் இல்லை.

அக்டோபர் 30

அவள் கேள்விக்குப் பதில், போனில் ஒரு வீடியோ. விஞ்ஞானிகள் டொயோட்டா, கில்ராய் குழுவினர் 2018இல் வெளியிட்டது. சொறியிலிருந்து கிடைத்த பச்சை ஒளிப் புரதத்தைக் கால்சியம் காட்டும் கருவியாக மாற்றி, கடுகு இனச் செடி ஒன்றில் வைத்திருந்தார்கள். புழு இலையைக் கடிக்கிறது. கடிபட்ட இடத்தில் குளூட்டமேட் கசிகிறது. அஜினமோட்டோவில் இருக்கிறதே, அதுதான். உடனே இலை நரம்பு வழியாகப் பச்சை வெளிச்சம் ஓடி, ஒன்றிரண்டு நிமிடத்தில் தூரத்து இலையைத் தொடுகிறது. அப்புறம் அந்த இலையும் தற்காப்பு ஹார்மோனைச் சுரக்கிறது. பிள்ளைகள் நான்கு முறை போடச் சொன்னார்கள்.

அக்டோபர் 31

காலையில் முருங்கையில் கம்பளிப்பூச்சி. அம்மா பந்தம் கொளுத்தப் போனார். கொஞ்சம் பொறுங்கம்மா என்று சொல்லிவிட்டு, கடிபடாத அடுத்த ஈர்க்கையே பார்த்துக்கொண்டு நின்றேன்.