ராயபுரத்துல ஒரு சாக்ஸபோன் பட்டறை

வட சென்னைன்னா காசிமேடு மீனு, பர்மா அத்தோ, கேரம் போர்டுன்னு ஒரு ரவுண்டு அடிச்சிட்டு எழுதுறவங்க நிறைய பேர் இருக்காங்க, அதெல்லாம் அங்க போய் படிச்சுக்கோங்க. நான் போனது ஃப்ரெண்டோட ஆல்ட்டோ சாக்ஸ, அதாவது சாக்ஸபோன்ல ஒரு சைஸ், தூக்கிக்கிட்டு. அவன் கல்யாண பேண்டுல வாசிக்கிறவன், கொஞ்ச நாளா கீழ் நோட்டு எதுவும் வரல, ஊதினா வெறும் காத்து, இல்லன்னா திடீர்னு ஒரு கத்தல். ரெண்டு கடையில காட்டிட்டான், ஒரு இடத்துல ரீட் மாத்துன்னாங்க, வாயில வச்சு ஊதுற இடத்துல இருக்கிற மெல்லிசு நாணல் பட்டை அது, இன்னொரு இடத்துல இத தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குன்னாங்க. அப்புறம் பேண்டுக்காரங்க சொல்லித்தான் இந்தப் பட்டறை தெரிஞ்சுச்சு.

வண்ணாரப்பேட்டை மெட்ரோல இறங்கி ஷேர் ஆட்டோ புடிச்சு கல்மண்டபம், அங்கேர்ந்து சந்து சந்தா நடக்கணும். ராயபுரம் ஸ்டேஷன் ஞாபகம் இருக்கும், 1856ல தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயில் இங்கேர்ந்து தான் வாலாஜா ரோட்டுக்கு கிளம்புச்சு. அதுக்கும் சாக்ஸுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டா, பட்டறை மாஸ்டர் சொல்றாரு, ராயபுரம் பெரம்பூர்ல ரயில்வேல இருந்த ஆங்கிலோ இந்தியன் வீடுகள்ல தான் அந்தக் காலத்துல சாக்ஸும் டிரம்பெட்டும் இருந்துச்சாம், ரயில்வே இன்ஸ்டிட்யூட் டான்ஸுக்கு வாசிக்க. அவரோட குரு அந்த வாத்தியங்கள ரிப்பேர் பண்ணித்தான் தொழிலே கத்துக்கிட்டாராம். அப்புறம் அந்தக் குடும்பங்க ஒவ்வொண்ணா ஆஸ்திரேலியா போயிட்டாங்க, வாத்தியம் பேண்டு செட்டு கைக்கு வந்துச்சு, இப்ப சர்ச் திருவிழா, மாப்பிள்ளை அழைப்பு, சாவு வீடு எல்லாத்துக்கும் அதே சாக்ஸ் தான்.

பட்டறையில ரெண்டு பேர் உக்காந்தா மூணாவது ஆள் வாசல்ல தான் நிக்கணும். செவுத்துல கீ எல்லாம், அதாவது ஓட்டைய மூடித் திறக்கிற மூடி எல்லாம், கழட்டின சாக்ஸ் தொங்குது, அப்படிப் பார்த்தா தான் தெரியுது, இது கீழ போகப் போக அகலமாகுற ஒரு பித்தளை குழாய், அதுல வரிசையா ஓட்டை, அவ்வளவு தான். அடோல்ஃப் சாக்ஸ்னு ஒரு பெல்ஜியம்காரர் 1846ல பாரிஸ்ல இதுக்கு பேடன்ட் வாங்கினாரு, அதுக்கப்புறம் கீ அமைப்பு மாறியிருக்கு, அடிப்படை அதே தான்.

மாஸ்டர் ஊதிப் பார்க்கவே இல்ல. "லைட்ட அணை தம்பி"ன்னாரு. கிறிஸ்மஸ் குடில்ல போடுற சீரியல் லைட்டு ஒண்ண குச்சில சுத்தி வச்சிருக்காரு, அத சாக்ஸ் உள்ள விட்டு ஒவ்வொரு கீயா மெதுவா மூடுறாரு. கீ மூடினா உள்ள இருக்கிற பேட் ஓட்டையோட விளிம்புல சுத்தி உக்காரணும், வெளிச்சம் கசியக் கூடாது. பெல், அதாவது அடியில விரிஞ்ச வாய், அது பக்கத்து பெரிய கீ எல்லாம் சுத்தமா இருட்டு. மேல வந்து ஜி ஷார்ப் கீய பார்த்தாரு, ஒரு ஓரத்துல மஞ்சளா மெல்லிசா ஒரு கோடு. "இதான்"னாரு. ஃப்ரெண்டுக்கு நம்பிக்கையே வரல, கீழ் நோட்டு வரலன்னா கீழ தான கோளாறு இருக்கணும்னு அவன் நினைப்பு. கீழ் நோட்டுக்கு மேல உள்ள அத்தனை ஓட்டையும் மூடியிருந்தா தான் காத்து அடி வரைக்கும் போகும், மேல முடி அளவு கசிஞ்சாலும் கீழ இருக்கிறது அத்தனையும் படுத்துரும். சொல்லிட்டு சிகரெட் பேப்பர்ல ஒரு துண்டு கிழிச்சு பேடுக்கு கீழ வச்சு இழுத்துக் காட்டினாரு, மத்த எடத்துல பேப்பர் புடிச்சு நிக்குது, அந்த ஓரத்துல வழுக்கிட்டு வருது.

பேடுன்னா என்னன்னா அட்டை, அது மேல ஃபெல்ட், அது மேல மெல்லிசு தோல். ஆல்ட்டோல 25 பக்கம் இருக்கும், ஒவ்வொண்ணும் ஒரு சைஸ். ஒட்டுறது அரக்குல, நம்ம ஆசாரிங்க நகை வேலைக்கு வச்சிருக்கிற அதே அரக்கு தான். நான் ஃபெவிக்விக் போட்டா ஈஸி இல்லையான்னு கேட்டதுக்கு ஒரு பார்வை பார்த்தாரு பாருங்க. அரக்குன்னா திரும்ப சூடு காட்டினா இளகும், பேட இந்தப் பக்கம் ஒரு நூல் அந்தப் பக்கம் ஒரு நூல் நகர்த்தி சமமட்டமா உக்கார வைக்கலாம், மத்த பசைல ஒட்டினது ஒட்டினது தான். ஸ்பிரிட் விளக்குல கீயோட கிண்ணிய காட்டி, அரக்கு தளதளன்னு ஆனதும் புது பேட அழுத்தி, மாட்டி, லைட்டு விட்டுப் பார்த்து, திரும்பக் கழட்டி, திரும்ப சூடு காட்டி... ஒரு பேடுக்கே இவ்வளவு. நெருப்பு சாக்ஸோட உடம்புப் பக்கம் போயிட்டா கீய தாங்குற தூண் எல்லாம் ஈயப்பத்து, கழண்டு கையில வந்துரும்.

பேட் ஏன் இப்படி ஆச்சுன்னு கேட்டா உடனே கோவம் வந்துருச்சு. "டீ குடிச்சிட்டு வாய் கொப்பளிக்காம ஊதுறானுங்க, சக்கரை எல்லாம் எச்சியோட உள்ள இறங்கி பேட்ல ஒட்டிக்குது, அத புடிச்சு இழுத்து இழுத்து தோல் கிழியுது, அப்புறம் சாக்ஸ் சரியில்லன்னு என்கிட்ட வர்றானுங்க." ஃப்ரெண்டு தலைய குனிஞ்சுக்கிட்டான். இன்னொரு எதிரி கடல் காத்து. கீய தூக்குறது ஊசி ஸ்பிரிங், நீல நிற எஃகு, இந்த உப்புக் காத்துல துருப்பிடிச்சு பட்டுனு ஒடையும். சரியான ஸ்பிரிங் கிடைக்காத காலத்துல தையல் ஊசிய வெட்டி, தட்டி, போட்டிருக்காராம், அந்த ஊசி இன்னும் ஓடுற சாக்ஸ் ஒண்ணு காட்டினாரு.

அவரு மீரட்டுல ஜாலி கோத்தில கொஞ்ச காலம் வேலை பார்த்திருக்காரு, நாட்டுல பேண்டு வாத்தியம் செய்ற முக்கியமான ஏரியா அது. பித்தளைத் தகட்ட உருட்டி மூட்டு பத்த வச்சு குழாய் பண்றது சரி, ஓட்டை போடுறது தான் வித்தை. சின்னதா ஒரு துளை போட்டு உள்ள இருந்து இரும்பு உருண்டைய வெளிய இழுக்கணும், அப்ப சுத்தி பித்தளை தானா எழும்பி விளிம்பு கட்டும், அப்புறம் அந்த விளிம்ப ராவி மட்டம் பண்ணணும், மட்டம் இல்லன்னா என்ன பேட் போட்டாலும் லீக் தான். இங்க வந்தப்புறம் முழுசா செய்யலையாம், ஒடஞ்ச ரெண்டு மூணு ஆல்ட்டோல இருந்து உடம்பு ஒண்ணுல பெல்லு ஒண்ணுல எடுத்து, நெக்க, அதாவது வாய் வைக்கிற பக்கத்து வளைஞ்ச குழாய, மட்டும் சொந்தமா அடிச்சு ஒண்ணு பண்ணி வச்சிருக்காரு. பார்க்க கண்ராவி, ஆனா என்னா சவுண்டு! நெக்கு மட்டும் மூணு தடவ அடிச்சாராம், அது விரியுற கணக்கு கொஞ்சம் தப்பினாலும் மேல் ஸ்தாயி சுருதி ஓடிருமாம். ஏன் முழுசா செய்றதில்லன்னா, சீனா சாக்ஸ் வர்ற விலைக்கு இவருக்குப் பித்தளையும் கூலியுமே கட்டாது. இப்ப பாதி வேலை அந்தப் புது சீனா சாக்ஸ பெட்டியில இருந்து எடுத்து லீக் அடைச்சுக் குடுக்கிறது தான், இது எனக்குக் கொஞ்சம் கடுப்பா இருந்துச்சு, அவருக்கு இல்ல. வேலை வேலை தான்னாரு.

கச்சேரி ஆளுங்களும் வராங்க. கத்ரி கோபால்நாத் நாகஸ்வரக் குடும்பத்துல பொறந்து மைசூர் அரண்மனை பேண்டுல சாக்ஸ பார்த்து அத கர்நாடக சங்கீதத்துக்கு கொண்டு வந்தவரு, 2019ல தான் தவறினாரு. அந்த வழில வாசிக்கிறவங்க கமகத்துக்கு, அதாவது ஸ்வரத்த அசைச்சு வாசிக்க, உதட்டால வளைக்கணும், கீய பாதி மூடி இழுக்கணும், அதனால ஸ்பிரிங் ரொம்ப லேசா கேப்பாங்களாம், பேண்டுக்காரனுக்கு அதே ஸ்பிரிங் டைட்டா வேணும், ரோட்டுல நடந்துக்கிட்டே வாசிக்கிறவனுக்கு கீ சட்டுன்னு திரும்பணும்.

ஃப்ரெண்டு கடைசியா அடி நோட்டு, கீழ் பி ஃபிளாட், ஊதினான், பக்கத்து வீட்டு ஜன்னல்ல இருந்து ஒரு அம்மா எட்டிப் பார்த்து திட்டுச்சு.

போகணும்னு நினைக்கிறவங்க ஆடில போகாதீங்க, கல்யாணம் இல்லாத மாசம்னு எல்லா பேண்டும் சர்வீஸுக்குக் குடுத்திருக்கும், வாசல் வரைக்கும் பெட்டி. காலைல போங்க, சாயங்காலம் ஷேர் ஆட்டோல சாக்ஸ் பெட்டியோட ஏற முடியாது. பேட் மாத்தினா கொஞ்ச நாள் ஊதிட்டு ஒரு தடவ திரும்பக் காட்டணும், ஃபெல்ட் அமுங்கினதும் திரும்ப லைட்டு விட்டுப் பார்ப்பாரு, அதுக்கு காசு வாங்கறதில்ல.