78,000 மணி நேரம் ஓடிய டிஸ்க்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கம்ப்யூட்டர் என்று பேர் சொல்லக்கூடிய எல்லாமே என் தலையில்தான். அதில் ஒன்று மாடிப்படிக்கு அடியில் நிற்கும் டவர் சர்வர். 2014-இல் வாங்கியது, உபுண்டு 14.04 லினக்ஸ், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் ஒன்றே ஒன்று, ஒரு டிஸ்க் போனாலும் இன்னொன்று காப்பாற்றும் ரெய்டு ஏற்பாடு கிடையாது (நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பு எடுத்த முடிவு, என்னைத் திட்டாதீர்கள்). ஆட்களின் வருகைப் பதிவும், சாம்பா என்ற ஃபைல் பகிரும் சாஃப்ட்வேர் வழியாக எல்லோரும் பயன்படுத்தும் பொது ஃபோல்டரும் அதில்தான் ஓடுகின்றன.

2023-இல் ஒரு வாரம் அந்த ஃபோல்டர் திறக்கும்போது சில நொடிகள் அப்படியே உறைந்து நின்றது. முதலில் நெட்வொர்க் ஸ்விட்சைச் சந்தேகப்பட்டேன். அப்புறம் சிஸ்டம் தானே எழுதிவைக்கும் கெர்னல் லாக்கைப் பார்த்தால் வரிசையாகப் படிப்புப் பிழைகள். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் விவரத்தை எடுத்தால், ஓடிய நேரம் 78,000 மணியைத் தாண்டியிருந்தது, அதாவது ஏறக்குறைய 9 வருஷம் நிற்காமல். படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள் (டிஸ்க்கின் சின்னச் சின்னத் துண்டுகள்) 16. எப்படியும் 94 சதவீதம் நிரம்பிப்போன டிஸ்க், மாற்றத்தான் வேண்டும். 1 டிபி எஸ்எஸ்டி ஒன்று வாங்கிக்கொடுக்கச் சொன்னேன்.

புதிதாக இன்ஸ்டால் செய்யலாமே என்பீர்கள். வருகைப் பதிவு சாஃப்ட்வேர் அதில் உள்ள, பிஹெச்பி மொழியின் பழைய பதிப்பில் மட்டும்தான் ஓடும், எழுதிக் கொடுத்தவர் இப்போது போன் எடுப்பதில்லை. அதனால் உள்ளதை உள்ளபடி குளோன் செய்வது ஒன்றே வழி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் உட்கார்ந்தேன். மூடியைத் திறந்தால் ஃபேன் முழுக்கப் பஞ்சு, அதைச் சுத்தம் செய்யவே அரை மணி நேரம். எஸ்எஸ்டி இரண்டரை அங்குலம், டிரேயோ மூன்றரை அங்குலம். அடாப்டர் வாங்க மறந்துவிட்டேன். டபுள் சைடு டேப் போட்டு ஒட்டினேன். எஸ்எஸ்டியில் சுற்றுகிற பாகம் எதுவும் இல்லை என்பதால் இது பரவாயில்லை, ஹார்ட் டிஸ்க்கில் இந்த வேலை ஆகாது.

டிஸ்க்கை அப்படியே நகலெடுக்கும் சாதாரண டிடி கமாண்டில் போயிருக்கலாம், ஆனால் அது முதல் படிப்புப் பிழையிலேயே நின்றுவிடும். குளோன்ஜில்லா என்ற குளோனிங் சாஃப்ட்வேரும், ரெஸ்க்யூ என்று தனியாகச் சொல்லாவிட்டால், அப்படித்தான். சாகக் கிடக்கும் டிஸ்க்குக்கு டிடிரெஸ்க்யூதான் சரி. நன்றாகப் படிக்க முடிகிற இடங்களை முதலில் வேகமாக அள்ளிக்கொள்ளும், முரண்டு பிடிக்கிற இடங்களைக் கடைசியில் பொறுமையாகச் சுரண்டும். எது முடிந்தது, எது பாக்கி என்பதை மேப் ஃபைல் என்ற ஒன்றில் எழுதிக்கொண்டே வரும்.

பென்டிரைவிலிருந்தே ஓடும் சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற லைவ் லினக்ஸில் பூட் செய்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கிய இடம் வந்தது. லினக்ஸ் வைக்கும் பெயரில் வழக்கமாக எஸ்டிஏ என்று வரும் பழைய டிஸ்க் இப்போது எஸ்டிசி. எஸ்டிஏ என்பது பென்டிரைவ். பழக்கதோஷத்தில் எஸ்டிஏ, எஸ்டிபி என்று தட்டியிருந்தால் டிஸ்க்குக்குப் பதில் பென்டிரைவைத்தான் குளோன் செய்திருப்பேன். அதுகூடப் பரவாயில்லை, மூலமும் இலக்கும் இடம் மாறியிருந்தால் காலியான எஸ்எஸ்டியைக் கொண்டு 9 வருஷ டேட்டாவை மெழுகியிருப்பேன். பெயரை நம்பவே கூடாது. ஒவ்வொரு டிஸ்க்கின் மீதும் மாஸ்கிங் டேப் ஒட்டி, சீரியல் நம்பரின் கடைசி நான்கு எழுத்துகளை எழுதி, திரையில் வரும் சீரியலோடு இரண்டு தடவை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் என்டர் தட்டினேன்.

மேப் ஃபைலை இரண்டாவது பென்டிரைவில் வைத்தேன். லைவ் சிஸ்டத்தில் ஹோம் ஃபோல்டர் இருப்பது ராமில், கரண்ட் போனால் அதுவும் போகும். இதை எழுதக் காரணம், கரண்ட் போனது. 62 சதவீதத்தில். யுபிஎஸ் கத்த ஆரம்பித்ததும் நிறுத்திவிட்டு ஒழுங்காக ஷட் டவுன் செய்தேன். டீ குடித்துவிட்டு வந்து, கரண்ட் வந்ததும் அதே கமாண்டைத் திரும்ப ஓட்டினேன், 62-இலிருந்து தொடர்ந்தது. (பூட் ஆனதும் டிஸ்க் பெயர்களை மறுபடியும் சரிபார்த்தேன்.) ஓடிய நேரம் மட்டும் கூட்டினால் ஒன்றே முக்கால் மணி.

முடிவில் படிக்க முடியாமல் போனது 8,192 பைட். தலா 4,096 பைட்டாக இரண்டு இடம். 16 செக்டர் என்று ஸ்மார்ட் சொன்ன கணக்கும் இதுதான், செக்டருக்கு 512 பைட் என்று 16 பெருக்கல் 512. மூன்று தடவை மறுமுயற்சி செய்தும் வரவில்லை.

பலர் இந்த இடத்தில், 500 ஜிபியில் 8 கேபிதானே என்று விட்டுவிடுவார்கள். எனக்கு அது எந்த ஃபைல் என்று தெரிந்தே ஆக வேண்டும். மேப் ஃபைலில் உள்ள இடம் டிஸ்க்கின் தொடக்கத்திலிருந்து கணக்கு. அதிலிருந்து பார்ட்டிஷன் தொடங்கும் 10,48,576 பைட்டைக் கழித்து 4,096-ஆல் வகுத்தால் இஎக்ஸ்டி4 என்ற ஃபைல் சிஸ்டத்தின் பிளாக் எண் கிடைக்கும். அதை ஆராயும் டீபக்எஃப்எஸ் கமாண்டிடம் அந்த எண்ணைக் கொடுத்தால் ஐநோடு (ஃபைலின் உள் எண்), ஐநோடைக் கொடுத்தால் ஃபைல் பெயர். ஒன்று ஏதோ பழைய லாக், அழித்துவிட்டேன். இன்னொன்று 2016 தீபாவளி போனஸ் பட்டியல்.

அக்கவுண்ட்ஸ் அக்காவுக்கு போன் போட்டேன். "அதா தம்பி? பிரிண்ட் எடுத்து ஃபைல்ல போட்டு வெச்சிருக்கனே" என்றார், ஞாயிற்றுக்கிழமை எழுப்பிவிட்ட எரிச்சலோடு.

ஆனால் பேக்கப்பிலும் அந்த ஃபைல் முழுசாக இருந்தது, காரணம் வேடிக்கையானது. பேக்கப் எடுக்கும் ஆர்சிங்க், ஒரு ஃபைலின் அளவும் தேதியும் மாறவில்லை என்றால் அதைத் திறந்துகூடப் பார்க்காது. செக்டர் நன்றாக இருந்த காலத்தில் எடுத்த பிரதி அப்படியே பத்திரமாக இருந்துவிட்டது. அதே காரணத்தால்தான் தினமும் பேக்கப் ஓடியும், டிஸ்க் கெட்டுப்போனதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

அடுத்தது இடத்தைப் பெரிதாக்குவது. உபுண்டுவின் அந்தக் காலத்துப் பார்ட்டிஷன் அமைப்பில் எல்லா ஃபைலும் இருக்கும் ரூட் முதலில், அதன் பின்னால் எக்ஸ்டெண்டட் என்ற உறை, அதற்குள் ராமுக்குத் துணையான ஸ்வாப். ஸ்வாப் வழியை மறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதால் ரூட் வளர முடியாது. ஜிபார்ட்டட் என்ற பார்ட்டிஷன் சாஃப்ட்வேரில் ஸ்வாப்பையும் எக்ஸ்டெண்டடையும் அழித்துவிட்டு ரூட்டைக் கடைசிவரை இழுத்தேன், சில நிமிஷ வேலை. பழைய டிஸ்க்கைக் கழற்றி எடுத்தேன். இதை மறக்கக்கூடாது, இரண்டுக்கும் ஒரே யூயூஐடி (பார்ட்டிஷனை லினக்ஸ் அடையாளம் காணும் எண்), இரண்டும் உள்ளே இருந்தால் எதை மவுண்ட் செய்யும் என்று சொல்ல முடியாது.

மானிட்டரைக் கழற்றிவிட்டு ஆன் செய்தேன். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம், நெட்வொர்க் வழியே உள்ளே நுழையும் எஸ்எஸ்ஹெச் வரவே இல்லை. சிஸ்டத்தைக் கிளப்பும் கிரப் போச்சு என்று முடிவு கட்டி, வியர்த்துப்போய் மானிட்டரைத் திரும்ப மாட்டினால், ஏதோ ஒரு டிஸ்க் இன்னும் தயாராகவில்லை, காத்திருக்கவா, இல்லை எஸ் கீயைத் தட்டித் தாண்டிப் போகவா என்று சாவகாசமாகக் கேட்டுக்கொண்டு நிற்கிறது. நான் அழித்த ஸ்வாப்தான். பூட் ஆகும்போது எதையெல்லாம் இணைக்க வேண்டும் என்ற பட்டியலான எஃப்எஸ்டேபில் அந்த வரியை எடுக்க மறந்திருக்கிறேன். எஸ் தட்டினேன், எழுந்து வந்தது. வரியை நீக்கி, 4 ஜிபிக்கு ஒரு ஸ்வாப் ஃபைல் போட்டுக்கொண்டேன்.

இப்போது மாதம் ஒருமுறை மட்டும் ஆர்சிங்க்கை, உள்ளடக்கத்தையே ஒப்பிடும் செக்சம் போட்டு ஓட விடுகிறேன். எல்லா ஃபைலையும் கட்டாயம் படிக்க வேண்டியிருப்பதால் ராத்திரி முழுக்க ஓடுகிறது. பழைய டிஸ்க் தேதி எழுதி பீரோவில் இருக்கிறது. ரெய்டு போட இன்னொரு எஸ்எஸ்டி வேண்டும் என்று முதலாளியிடம் கேட்டேன். "இப்பத்தான ஒண்ணு வாங்குனோம்?" என்கிறார்.