விடுபட்ட நெரிசல்

"இங்கே என்ன இருக்கிறது?" என்று, என்னை ஒரு செல் படம் வரையச் சொல்லியிருந்த ஆய்வாளர் திரையில் விரலை வைத்துக் கேட்டார். அவர் காட்டிய இடத்தில் வெளிர்நீலம்தான் இருந்தது. "ஒன்றுமில்லை, பின்னணி" என்றேன். "செல்லுக்குள் அப்படி ஓர் இடமே கிடையாதே" என்றார். குரலில் கோபம் இல்லை. எனக்கு இது தெரியும் என்பது தெரிந்தேதான் கேட்டார் என்று நினைக்கிறேன்.

படம் கைனசின் பற்றியது. செல்லுக்குள் தண்டவாளம்போல் ஓடும் நுண்குழாயின் மேல், அடிக்கு 8 நானோமீட்டர், ஒவ்வோர் அடிக்கும் ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறு ஒன்று என்று சரக்கைச் சுமந்துபோகும் புரதம். உண்மையில் அதைச் சுற்றி மற்ற புரதங்கள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். இடைவெளியெல்லாம் நீர், எல்லாத் திசையிலிருந்தும் ஓயாமல் மோதிக்கொண்டே இருக்கும். என் படத்திலோ அது ஆளில்லாத தெருவில் காலைநடை போனது.

எல்லாவற்றையும் வரைந்தால் எதுவும் தெரியாது என்றேன். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். இத்தாலிய மருத்துவர் கோல்ஜி 1873-இல் வெளியிட்ட வெள்ளிச் சாயமுறை, திசுவில் மிகச் சில நரம்பணுக்களை மட்டுமே கறுப்பாக்கும். அந்தக் குறை இருந்ததால்தான் பின்னால் ஸ்பானிய ஆய்வாளர் ரமோன் இ கஹாலால் ஒரு நரம்பணுவைக் கிளைகிளையாகப் பிரித்து வரைய முடிந்தது. விடுவதும் அறிவியல்தான் என்று கொஞ்சம் பெருமையாகவே முடித்தேன்.

"அங்கே விட்டது சாயம். இங்கே விடுவது நீங்கள்" என்றார் அவர்.

அதற்கு எனக்குப் பதில் வரவில்லை. அப்புறம் நிறைய பதில்கள் தோன்றின. கைனசினுக்கு ஆரஞ்சு நிறம் கொடுத்திருந்தேன். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமே 400 நானோமீட்டரில்தான் தொடங்குகிறது, இவ்வளவு சிறிய பொருளுக்கு ஏது ஆரஞ்சு? அதை அவர் கேட்கவில்லையே. அறிவியல் ஓவியரும் ஆய்வாளருமான டேவிட் குட்செல் செல்லின் நெரிசலை நீர்வண்ணத்தில் அவ்வளவு அழகாக வரைகிறார், ஆனால் அவரும் நீர் மூலக்கூறுகளை விட்டுவிடுகிறார்.

ஆனாலும் நிறமும் நெரிசலும் ஒன்றல்ல. கைனசினின் பின்கால் விடுபட்டதும் அது நேராகப் போய் அடுத்த இடத்தில் அமர்வதில்லை. வெப்ப அசைவில் அங்குமிங்கும் துழாவித்தான் பிடிமானத்தைக் கண்டுபிடிக்கிறது. அதாவது நான் இரைச்சல் என்று துடைத்துவிட்ட மோதல்களுக்கு அந்த நடையிலேயே பங்கு இருக்கிறது. ஆரஞ்சைப் பார்த்து யாரும் எதையும் தப்பாகப் புரிந்துகொள்ளப் போவதில்லை. காலி இடத்தைப் பார்ப்பவர், ஒரு மூலக்கூறு வழி தெரிந்து தானாக நடக்கிறது என்று நம்பிவிடலாம். சரி, ஓர் அசையாத படத்தில் துழாவலை எப்படிக் காட்டுவது? எனக்கு இன்னும் தெரியவில்லை.

கடைசியில், தெளிவுக்காக மற்ற மூலக்கூறுகள் காட்டப்படவில்லை என்று கீழே ஒரு வரி சேர்ப்பதாக முடிவானது. அவரே எழுதிக் கொடுத்தார். பிறகு ஓர் உரைக்காக அவர் தயாரித்த ஸ்லைடில் என் படத்தைப் பார்த்தேன். அந்த வரி இல்லை. வெளிர்நீலத்தின் மேல் உரையின் தலைப்பு இருந்தது. நெரிசலோடு வேறொன்று வரைந்து தரட்டுமா என்று எழுதிக் கேட்டேன். இதுவே நன்றாக இருக்கிறது என்று பதில் வந்தது. மனம் மாறினாரா, அலுத்துப்போனாரா, கேட்டதையே மறந்துவிட்டாரா என்று நான் விசாரிக்கவில்லை.

இப்போது வேலை தொடங்குமுன், எதையெல்லாம் விடலாம் என்று ஆய்வாளர்களையே கேட்டுவிடுகிறேன். அது உங்கள் வேலை என்றுதான் பெரும்பாலும் சொல்கிறார்கள்.