முத்திரை இல்லாமல் துவாரகைக்குள்

பூமியில் இருக்கிற 106 திவ்யதேசங்களில் அம்மாவுக்குப் பாக்கி இருந்தது துவாரகை ஒன்றுதான். அப்பா இருந்தபோதே நேர்ந்துகொண்டது, மூட்டுவலியால் தள்ளித் தள்ளிப் போய், இந்தத் தை பிறந்ததும் "இனிமே முடியாதுடா, இப்பவே கூட்டிண்டு போ" என்று சொல்லிவிட்டாள். ராமேஸ்வரம்–ஓகா ரயிலில் ஏறினோம். புளியோதரை இரண்டாம் நாள் வரை தாங்கியது.

கோமதி ஆற்றில் தீர்த்தமாடிவிட்டு, கோயிலுக்கு 56 படி. பத்துப் படிக்கு ஒருதரம் அம்மா உட்கார, பின்னால் வருகிறவர்கள் அவள் தலைக்கு மேலேயே தாண்டிப் போகிறார்கள், கேட்பாரில்லை. செல்போனைக் கொடுத்துச் சீட்டு வாங்கவே முக்கால் மணி நேரம். அதற்கப்புறம் சோதனை. அம்மாவின் இடுப்பில் இருந்த குங்குமச் சிமிழைக்கூடத் திறந்து பார்த்தார் அந்தப் போலீஸ் அம்மாள். "என்னைப் பார்த்தா ஒற்றன் மாதிரியா இருக்கு?" என்று தமிழிலேயே கேட்டாள் அம்மா. அவர் சிரித்துக்கொண்டே சிமிழை மூடிக் கொடுத்தார்.

எனக்கு அப்போது சால்வன் என்கிற ராஜா கிருஷ்ணன்மேல் படையெடுத்த கதைதான் ஞாபகம் வந்தது. பாரதத்தில் வனபர்வத்தில் வருகிறது. அவன் துவாரகையை வளைத்தபோது ஊர்க்காரர்களே பாலங்களை உடைத்து, படகுகளை நிறுத்தி, ஆட்டக்காரர் பாட்டுக்காரரைக்கூட வெளியே அனுப்பி, முத்திரை இல்லாமல் ஒருவரும் உள்ளே வரவோ வெளியே போகவோ கூடாது என்று காவல் போட்டார்களாம். பக்கத்துத் தீவான பேட் துவாரகையில் சங்கில் செதுக்கிய, மூன்று தலை மிருகம் பொறித்த சின்ன முத்திரை ஒன்று கிடைத்தபோது, தொல்லியல் அறிஞர் எஸ்.ஆர். ராவ் அதை இந்த முத்திரையோடுதான் சேர்த்துப் பார்த்தார். 1979-80இல் கோயில் வாசலிலேயே தோண்டிப் பழைய கோயில்களின் மிச்சத்தைக் கண்டவர், அப்புறம் கடலுக்குள்ளும் ஆள் இறக்கித் தேடினார். கடலில் கிடைத்த நங்கூரக் கற்கள் பிற்காலத் துறைமுகத்தைச் சேர்ந்தவை என்கிறவர்களும் உண்டு. இருக்கட்டும், எனக்கு அந்தச் சிமிழும் முத்திரையும் போதும்.

உள்ளே போனால் திரை போட்டிருந்தது. நெரிசலில் என் செருப்பில்லாத காலை யாரோ மிதிக்க, அம்மா எங்கே என்று திரும்புவதற்குள் திரை விலகி, கூட்டமே "ஜெய் துவாரகாதீஷ்" என்று அலற, கறுப்பாக, கண் மட்டும் தெரிகிறமாதிரி நிற்கிறான். அம்மா கை கூப்பவில்லை. மறந்துவிட்டாள். துவராபதிக்கு என்னைக் கொண்டுபோய் விடுங்கள் என்று ஆண்டாள் கெஞ்சினாளே, அவளுக்குக் கிடைக்காதது எனக்குக் கிடைத்ததே என்று அப்புறம் சொல்லிச் சொல்லி அழுதாள். எத்தனை நிமிஷம் நின்றோம் என்று தெரியாது. யாரும் எங்களைத் தள்ளவில்லை, அந்தக் கூட்டத்தில்!

வெளியே டீக்கடைப் பெரியவர் 1965 கதை சொன்னார். செப்டம்பர் 7 ராத்திரி பாகிஸ்தான் கடற்படையின் 7 கப்பல்கள் வந்து இந்த ஊர்மேல் குண்டு போட்டன. இங்கே ரேடார் இருக்கிறது, கராச்சியைத் தாக்க வரும் இந்திய விமானங்களுக்கு அதுதான் வழிகாட்டுகிறது என்று அவர்கள் கணக்கு. பெரும்பாலான குண்டுகள் கோயிலுக்கும் ரயில் நிலையத்துக்கும் நடுவே சேற்று நிலத்தில் விழுந்து, நிறைய வெடிக்கவே இல்லை. "அவன் பார்த்துக்கொண்டான்" என்று சிகரத்தைக் காட்டினார். மேலே 52 கஜக் கொடி.

மறுநாள் பேட் துவாரகை. 2024 பிப்ரவரியில் திறந்த சுதர்சன் சேது என்கிற கடல் பாலம் இருப்பதால் படகு ஏறும் பாடு அம்மாவுக்கு மிச்சம். அதே வருஷம் நவம்பரில், ஓகாவில் கடலோரக் காவல் கப்பல்களின் நடமாட்டத்தை தினம் 200 ரூபாய்க்குப் பாகிஸ்தானுக்குச் சொன்னதாக ஒருவரைப் பிடித்தார்கள். 200 ரூபாய்! பேட் துவாரகையில் ஒரு பண்டா, அதாவது கோயில் புரோகிதர், எங்களிடம் அரிசி தானம் என்று 1,100 கேட்டு, அம்மாவைச் சங்கல்பத்தில் உட்காரவைத்துவிட்டுத்தான் தொகையையே சொன்னார். அவல் கொண்டுவந்த குசேலனை இவர் பார்த்திருந்தால் வாசலோடு அனுப்பியிருப்பார். 200 கொடுத்து எழுந்தோம்.

திரும்பும்போது துவாரகை ஸ்டேஷனில் ரயில் தாமதம். அம்மா திடீரென்று, "அந்தக் குண்டெல்லாம் எங்கேடா விழுந்தது?" என்றாள்.

"இந்தப் பக்கந்தான். கோயிலுக்கும் இந்த ஸ்டேஷனுக்கும் நடுவில்."

பெஞ்சிலிருந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, கோயில் இருந்த திசை பார்த்து, நேற்று உள்ளே மறந்துபோன கும்பிடை அங்கே போட்டாள்.