அஸ்தத்துக்கு மேல ஒரு கேலக்ஸி, அதுக்கு எடை போடறது எப்படி

கேலக்ஸினா வாட்ஸ்அப்ல வர்ற கலர் படத்தோட நம்மாளுங்க நின்னுடறாங்க. எனக்கு என்னவோ அந்த வெளிச்சத்த வச்சே அதுல இருக்கற நட்சத்திரங்களோட எடைய கணக்கு போடறாங்க பாருங்க, அதுலதான் சுவாரஸ்யம். மயிலாடுதுறை பக்கம் மாசி பங்குனில வானம் தெளிஞ்சிருந்தா ராத்திரி அஸ்த நட்சத்திரம் நல்லா மேல ஏறிடும், அதுக்கு கொஞ்சம் வடக்கால, கன்னி எல்லைல இருக்கற கேலக்ஸிதான் எம் 104, சோம்ப்ரேரோம்பாங்க. சின்ன டெலஸ்கோப்ல மங்கலா ஒரு கீத்து, அவ்ளோதான்.

கண்ணுக்கு தெரியற ஒளில எடுத்த படத்துல அதுக்கு குறுக்கால கருப்பா ஒரு பட்டை ஓடும். தூசி. அதே கேலக்ஸிய 2.2 மைக்ரான் அலைநீளத்துல, அதாவது கண்ணுக்கு தெரியாத அகச்சிவப்புல பாத்தா பட்டை ரொம்பவே மங்கிடும், ஏன்னா அந்த ஒளிய தூசி மறைக்கறது சாதா வெளிச்சத்த மறைக்கறதுல பத்துல ஒரு பங்குதான். இன்னொண்ணு, நீலமா பளபளக்கற வெளிச்சம் எல்லாம் கொஞ்ச காலமே எரியற சில பெரிய நட்சத்திரங்களோட வேலை, எடையில அதுங்க பங்கு கம்மி. நட்சத்திரங்களோட எடைல பெரும்பங்கு பழைய சின்ன நட்சத்திரங்கள்ல இருக்கு, அந்த பழைய கூட்டத்துல வயசாகி உப்பிப்போன சிவப்பு ராட்சச நட்சத்திரங்க அகச்சிவப்புலதான் ஜோரா தெரியும். அப்போ நீலத்த விட்டுடலாமான்னா முடியாது, இப்ப நட்சத்திரம் பொறக்குதா இல்லையானு அதுதான் சொல்லும். ரெண்டும் வேணும்.

ரெண்டையும் ரெண்டு சர்வே தனித்தனியா எடுத்து டேபிளா போட்டு வச்சிருக்கு. கண்ணுக்கு தெரியற ஒளி பக்கம், ஸ்லோன் சர்வே நியூ மெக்சிகோல 2.5 மீட்டர் டெலஸ்கோப் வச்சு 2000-லேர்ந்து அஞ்சு ஃபில்டர்ல வானத்த அளந்துச்சு. அகச்சிவப்பு பக்கம், டூமாஸ் (2MASS) சர்வே 1997-லேர்ந்து 2001 வரைக்கும் அரிசோனாலயும் சிலிலயும் ரெண்டு 1.3 மீட்டர் டெலஸ்கோப்ல மூணு அகச்சிவப்பு ஃபில்டர் போட்டு மொத்த வானத்தையும் எடுத்துச்சு. (காத்துல இருக்கற நீராவி அகச்சிவப்புல நெறைய முழுங்கிடும், நம்ம டெல்டா புழுக்கத்துல இந்த வேலைக்கு சான்சே இல்ல, அதான் லடாக்ல இருக்கற ஹான்லே மாதிரி 4500 மீட்டர் ஒசரத்துக்கு போறாங்க.)

"ரெண்டு டேபிளையும் சேத்தா முடிஞ்சுது, இதுல என்ன மாமா கஷ்டம்?"னு தங்கச்சி பையன் கேட்டான். டேய், பட்டாவுல ஒரு அளவு, அடங்கல்ல ஒரு அளவு, வயல் ஒண்ணுதான், தாலுக்காபீஸ்ல போயி ரெண்டையும் பொருத்தி பாருன்னேன். மொதல்ல ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரில 3600-ல ஒரு பங்கு) கணக்குல இடம் பொருந்தணும். ஸ்லோனோட பிக்சல் 0.4 ஆர்க்செகண்ட், டூமாஸோடது 2, அதனால ஒண்ணுல ரெண்டா தெரியற கேலக்ஸி இன்னொண்ணுல ஒட்டி ஒண்ணா கெடக்கும், கேலக்ஸியோட ஒரே அளவு பரப்புல இருந்து வெளிச்சத்த எடுக்கலன்னா வர்ற நிறமே பொய். அப்பறம் மேக்னிடியூட், அதாவது வெளிச்சத்த சொல்ற எண். ஸ்லோன்காரங்க ஏபிங்கற அளவு, டூமாஸ்காரங்க வேகா நட்சத்திரத்த பூஜ்யமா வச்ச அளவு, 2.2 மைக்ரான் பாக்கற கே ஃபில்டர்ல ரெண்டு அளவுக்கும் வித்தியாசம் சுமார் 1.85, வெளிச்சத்துல அஞ்சு மடங்குக்கும் மேல! அத கவனிக்காம விட்டா எடையும் அதே மாதிரி எகிறிடும். எனக்கு கேட்டா விஞ்ஞானமே இந்த குமாஸ்தா வேலைலதான் இருக்கு.

ரொம்ப தூரம் போனா கதையே மாறுது. பிரபஞ்சம் விரியறதால வெளிச்சம் சிவப்புக்கு நகந்துடுது, ஒரு அளவுக்கு மேல ஆப்டிகல்ல (கண்ணுக்கு தெரியற ஒளில) ஆளே காணாம போயிடும். ஹவாய்ல 3.8 மீட்டர் டெலஸ்கோப்ல நடந்த யூகிட்ஸ் அகச்சிவப்பு சர்வேல நல்லா தெரிஞ்சு, ஸ்லோன் படத்துல இல்லாம போன ஒரு புள்ளிய துரத்திதான் 2011-ல ரெட்ஷிஃப்ட் (வெளிச்சம் சிவப்புக்கு நகந்த அளவு) 7.09-ல ஒரு குவேசார, அதாவது ராட்சச கருந்துளைய சுத்தி பளபளக்கற கேலக்ஸி மையத்த, அறிவிச்சாங்க, பெருவெடிப்புக்கு அப்பறம் சுமார் 77 கோடி வருஷத்துல கெளம்புன வெளிச்சம் அது. ஒரு டேபிள்ல இருந்து இன்னொண்ணுல இல்லாததும் தகவல்தான்.

2023-ல விண்வெளிக்கு போன யூக்ளிட்ல ஆப்டிகல், அகச்சிவப்புன்னு ரெண்டு கேமராவும் ஒரே டெலஸ்கோப்ல இருக்கு, ஆனா ஆப்டிகல் பக்கம் அகலமா ஒரே ஃபில்டர்தான், அதனால நிறத்துக்கு இன்னும் தரைல எடுக்கற சர்வேகளத்தான் கூட சேத்துக்கறாங்க. ஸ்லோன், டூமாஸ் டேட்டா எல்லாம் ஃப்ரீ, டாப்கேட்னு ஒரு சாஃப்ட்வேர் ரெண்டு டேபிளையும் பொருத்திக் குடுக்கும், அதுவும் ஃப்ரீ, சாதா லேப்டாப்பே போதும்.