அட்டவணைத் தலைப்பில் ஒரு தப்பு

கிணற்று நீரில் உள்ள நைட்ரேட் பற்றிய என் ஆய்வுக் கட்டுரை வெளியாகி ஒன்பது மாதம் கழித்து, முன்பின் தெரியாத ஒரு ஆய்வு மாணவரிடமிருந்து மெயில் வந்தது. இரண்டாம் அட்டவணையில் இருப்பது நைட்ரேட்டா, நைட்ரேட்-நைட்ரஜனா என்று ஒரே ஒரு கேள்வி.

பழைய லேப் ரிப்போர்ட்டைத் தேடிப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. லேப்காரர்கள் நைட்ரேட்-நைட்ரஜனாக, அதாவது நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜனின் எடையை மட்டும் கணக்கிட்டுக் கொடுத்த எண்களை நான் வெறும் 'நைட்ரேட்' என்ற தலைப்பின் கீழ் போட்டிருக்கிறேன். இரண்டுக்கும் 4.43 மடங்கு வித்தியாசம். அட்டவணையில் 12 என்று சாதுவாக உட்கார்ந்திருந்த கிணறு உண்மையில் 53, குடிநீருக்கு நம் நாட்டு வரம்போ லிட்டருக்கு 45 மி.கி., ஆக 'எல்லாக் கிணறுகளும் வரம்புக்குள்' என்று நான் எழுதிய வரி சுத்தப் பொய்.

கைடிடம் சொன்னால், "யாருப்பா படிக்கப் போறாங்க, விடு" என்றார். படித்த ஒருத்தர்தானே சார் கேட்டிருக்கிறார்!

எனக்கு இருந்த பயமெல்லாம் கட்டுரையையே திரும்பப் பெறச் சொல்லிவிடுவார்களோ என்பதுதான். நல்லவேளை, கட்டுரையின் மையம் மழைக்கு முன்னும் பின்னும் வரும் மாற்றம். எல்லா எண்ணையும் ஒரே 4.43 ஆல் பெருக்கினால் அந்த ஒப்பீடு அசையாது. இதை முதல் பத்தியிலேயே எழுதி, லேப் தாளின் நகல், பழைய அட்டவணை, புதிய அட்டவணை மூன்றையும் இணைத்து எடிட்டருக்கு அனுப்பினேன். இப்படி வெளியிடும் திருத்தக் குறிப்புக்கு, தப்பு பதிப்பகத்தினுடையது என்றால் எர்ராட்டம் என்று பெயர், நம்முடையது என்றால் காரிஜெண்டம். நம்முடையதேதான்.

அப்புறம்தான் இழுவை. இணை ஆசிரியர்கள் எல்லோரும் சம்மதம் எழுதித் தர வேண்டுமாம். ஒருத்தர் வேலை மாறியிருந்தார், பழைய முகவரிக்குப் போட்ட மெயில் திரும்பி வந்தது, கடைசியில் அவர் தம்பி மூலம் பிடித்தேன். அது மட்டும் ஆறு வாரம். மொத்தம் ஐந்து மாதம்.

மூலக் கட்டுரையில் கை வைக்கவில்லை. திருத்தக் குறிப்பு தனி டிஓஐ எண்ணோடு (இணையத்தில் ஒரு கட்டுரையை அடையாளம் காட்டும் நிலையான எண்) வந்தது, மூலக் கட்டுரையின் பக்கத்தில் அதற்கு இணைப்பு கொடுத்தார்கள். ஏற்கெனவே இறக்கி வைத்த பிடிஎஃப்களை என்ன செய்ய முடியும்? அந்தப் பொய் வரியை மேற்கோள் காட்டியிருந்த இரண்டு பேருக்கு நானே எழுதினேன், ஒருவர் நன்றி சொன்னார், மற்றவரிடமிருந்து பதில் இல்லை.

கூகுள் ஸ்காலரில் அந்தக் குறிப்பும் என் பெயரில் தனிக் கட்டுரை போல நிற்கிறது. அதற்கும் ஒரு மேற்கோள் விழுந்திருக்கிறது, மெயில் போட்ட அந்த மாணவருடையது.