அன்றன்றைய மீதி

படகில் பெயர் எழுதி முடிக்கும்போது டப்பாவின் அடியில் எப்போதும் கொஞ்சம் பெயின்ற் மிஞ்சும். இரண்டு மேசைக்கரண்டி அளவு இருக்கும். முன்பெல்லாம் மூடி வைப்பேன். சில நாள்களில் மேலே ஆடை படியும், பிறகு கட்டியாகும், குப்பைக்குப் போகும். 2022ஆம் ஆண்டு அந்த வழக்கத்தை முடித்துவைத்தது. அந்த ஆகஸ்ட் மாதம் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஒரே பாய்ச்சலாக ஏறியது. எங்கள் கரைப் படகுகளின் இயந்திரங்கள் மண்ணெண்ணெயில் ஓடுபவை. திருகோணமலையில் எங்கள் திருக்கடலூர்க் கரையில் படகுகள் வரிசையாக மணலில் ஏறிக் கிடந்தன. கடலுக்கே போகாத படகுக்கு யார் பெயர் எழுதுவார்கள்? பெயின்ற் விலையும் கைக்கு எட்டவில்லை. மிஞ்சிய இரண்டு கரண்டியை வீச மனம் வரவில்லை.

2023 தைப்பொங்கலன்று, ஜனவரி 15ஆம் திகதி, முதல் படத்தைத் தீட்டினேன். நாளுக்கு ஒரு படம். அன்றைய வேலையில் மிஞ்சிய நிறம் மட்டுமே. பொழுது சாய்வதற்குள் முடித்துவிட வேண்டும். எனக்கு நானே விதித்துக்கொண்டது இவ்வளவுதான். கடைகளுக்குப் பெயர்ப்பலகை அறுக்கும்போது விழும் ஒட்டுப்பலகைத் துண்டுகள் மூலையில் கிடந்தன. இரண்டு உள்ளங்கைகளைச் சேர்த்து விரித்த அளவுக்கு அவற்றை வெட்டிக்கொண்டேன்.

நிறத்தை நான் தேர்ந்தெடுக்க முடியாது என்பதுதான் இந்த வேலையின் உயிர். மீனவர்களுக்கு நீலம் பிடிக்கும், ஆகவே நீலம் மிஞ்சிய நாள்களே அதிகம். முதல் இரண்டு வாரமும் அந்த நீலத்தில் கடலைத் தீட்டினேன். பிப்ரவரியில் ஒரு காலை, டச்சு விரிகுடாப் பக்கம் ஒரு கடையின் பலகையை மாட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது கடல் நீலமாகவே இல்லை. தேய்ந்த ஈயப் பாத்திரத்தின் நிறத்தில் இருந்தது. இந்த ஊரிலேயே பிறந்து, முப்பது ஆண்டுகள் தூரிகை பிடித்தவன் நான். அன்றுதான் அதைப் பார்த்தேன். அதன் பிறகு நீலம் மிஞ்சினால், உண்மையில் நீலமாக இருப்பது எது என்று தேடத் தொடங்கினேன். கோயில் மதிலின் வெள்ளைப் பட்டைமேல் மாலையில் விழும் நிழல் நீலம். காய வைத்த வலைக் குவியலின் அடிப்பகுதி நீலம். தேநீர்க்கடைக் கேத்தலின் பக்கவாட்டில், வாசலில் நிற்பவரின் சட்டைக்கு அருகே, ஒரு விரல் அகலத்துக்கு நீலம்.

சிவப்பு மிஞ்சிய நாளொன்றில் மான் வந்தது. எங்கள் ஊர் மான்களைப் பற்றி வெளியூரார் வியப்பார்கள். பிரட்றிக் கோட்டைக்குள் மட்டுமல்ல, கடைத்தெருவிலும் புள்ளிமான்கள் மாடுகளைப் போல நடமாடும். வாழைப்பழத் தோலுக்காகப் பட்டறை வாசலில் வந்து நின்ற அந்தக் கலைமானின் கொம்பு புதிதாக முளைத்து, இன்னும் தோல் போர்த்தி, பஞ்சுபோல இருந்தது. உடலைச் சிவப்பால் தீட்டினேன். புள்ளிகளுக்கு வெள்ளை இல்லை. அதனால் அந்த இடங்களில் தூரிகையே படாமல் பலகையை அப்படியே விட்டேன். மரத்தின் ரேகை ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் ஓடியது. கையில் வெள்ளை இருந்திருந்தால் அந்தப் படம் எனக்குக் கிடைத்திருக்காது.

எழுத்தே என் தொழில் என்பதால் கோட்டை வாசலுக்குப் பல நாள் போனேன். அங்கே வாயிற்கல்லில் ஒரு பழைய தமிழ்க் கல்வெட்டின் துண்டு இருக்கிறது, பக்கத்தில் கயல் மீன்களும். 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கற்களையே கோட்டைக்குப் பயன்படுத்தினார்கள். குளக்கோட்டன் என்ற அரசனின் கோயில் திருப்பணியைப் பறங்கி குலைப்பான் என்று அந்தக் கல்வெட்டு வரிகளுக்குப் பொருள் சொல்வார்கள். எழுத்துகள் இடையிடையே உதிர்ந்துபோயிருக்கின்றன. என் கண் நின்றது அந்தக் காலி இடங்களில்தான். உளி பிடித்தவன் வரிசையை எவ்வளவு கவனமாக அளந்திருக்கிறான் என்பது, எழுத்து போன பிறகும் அந்த இடைவெளியில் தெரிகிறது. எழுத்துக்கு எழுத்து விடும் தூரம்தான் பலகைக்காரனுக்கு முதல் பாடம். என் குருநாதர் அதைச் சொல்லித் தந்தபோது நான் சிறுவன், அலட்சியமாகக் கேட்டேன். மிஞ்சிய கறுப்பில் அந்த இடைவெளிகளை மட்டும் தீட்டினேன். ஒரு வாரம் தொடர்ந்து அதையே செய்தேன், ஏழு பலகைகள்.

எல்லா நாளும் அப்படி அமையவில்லை. அம்மாவுக்குக் கண் சத்திரசிகிச்சை நடந்த நாளில் மருந்து போட்டுத் தந்த வெள்ளை உறையின் பின்புறம் பேனாவால் அவருடைய செருப்புகளைக் கிறுக்கினேன். கன்னியா வெந்நீர்க் கிணறுகளை மூன்று முறை முயன்றேன், மூன்றும் சரிவரவில்லை. ஆவியைத் தீட்ட எனக்கு இன்னும் தெரியாது.

ஜூன், ஜூலை மாதங்களில் கச்சான் காற்று. தரையிலிருந்து சுடச்சுட வந்து மண்ணை வாரி ஈரப் பெயின்றில் ஒட்டும். அந்த இரண்டு மாதப் பலகைகளை விரலால் தடவினால் நறநறக்கும். முதலில் உப்புத்தாளால் தேய்த்து எடுத்தேன், பிறகு விட்டுவிட்டேன். மாரி வந்ததும் நிலைமை தலைகீழானது. எனமல் இரண்டு நாளானாலும் காயாமல் பிசுபிசுத்தது. மழையில் படகு வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் மீதியும் இல்லை. பழைய டப்பாக்களின் விளிம்பில் காய்ந்திருந்ததைச் சுரண்டி, டர்ப்பண்டைனில் கரைத்தேன். நவம்பர், டிசம்பர் படங்கள் எல்லாம் சேற்று நிறம். டிசம்பர் 26 அன்று ஒரேயொரு கிடைக்கோடு மட்டும் இழுத்தேன். 2004இல் கடல் வந்தபோது இந்தக் கரையில் நின்றவர்களுக்கு அந்தக் கோடு எது என்று தெரியும்.

2024 ஜனவரி 14 அன்று 365ஆவது படத்தை அடுக்கின்மேல் வைத்தேன். அடுத்த நாள் பொங்கல், பானைக்குக் கோலம் போட்டதோடு சரி.

சித்திரை கழிந்து ஒரு அண்ணர் வந்தார். போன வருடம் அவருடைய படகுக்கு ‘மாதுமை’ என்று எழுதியவன் நான். கோணேசரின் அம்பாள் மாதுமையாள், அந்தப் பெயர். படகின் முன்பக்கமான முன்னணியத்தின் வளைவில் மூன்று எழுத்தையும் ஒரே அகலத்தில் எழுதினால் தூரத்திலிருந்து ‘மா’ நசுங்கித் தெரியும். ஆகவே அதைச் சற்று அகட்டி, ‘மை’யின் இரட்டைச் சுழியை மூச்சைப் பிடித்து ஒரே இழுப்பில் முடித்திருந்தேன். இப்போது உப்பும் வெயிலும் அதைத் தின்றுவிட்டன.

“தம்பி, அதே நீலம்தான் வேண்டும். வேறு நீலம் வேண்டாம்” என்றார்.

அந்த நீலம் கடையில் வாங்கியது அல்ல, நான் கலந்தது. என்ன அளவில் கலந்தேன் என்று எழுதி வைக்கவில்லை. படகில் எஞ்சியிருந்ததோ சாம்பல் பூத்த தடயம். அடுக்கைப் பிரித்து அந்தத் திகதிப் பலகையைத் தேடி எடுத்தேன். வெயில் படாமல் கிடந்ததால் நீலம் அன்று போலவே இருந்தது. படத்தில் இருந்தது ஒரு கேத்தல். அண்ணர் அதை வாங்கி, படகின் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இதுதான்.”

பலகையைத் திண்ணையில் சாய்த்து வைத்துக் கலக்கத் தொடங்கினேன். நீலத்தில் ஒரு துளி கறுப்பு, பிறகு வெள்ளை. முதல் கலவை கேத்தலைவிட வெளிறியது. இரண்டாவது பச்சைப் பக்கம் சாய்ந்தது. மூன்றாவதை விரல் நுனியில் தொட்டுக் கேத்தலின் ஓரத்தில் வைத்தேன். விரல் தடம் எங்கே என்று அண்ணருக்குத் தெரியவில்லை. படகை நல்ல தண்ணீரில் கழுவச் சொல்லிவிட்டு உப்புத்தாளை எடுத்தேன்.